டிராக்டர் ஹைட்ராலிக் கொதிக்குது, லிப்ட் தூக்க மாட்டேங்குது: கரையோர விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கரையை ஒட்டி ஓடுகிற டிராக்டர்களுக்கு ஆவணி, புரட்டாசியில் ஓய்வே கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் புழுதி விதைப்பை முடித்தாக வேண்டும், அதே நேரத்தில் மிளகாய்க்கும் பருத்திக்கும் நிலம் தயாராகணும், நடுவில் கருவேலங்காடு அழிக்கிற வேலையும் உப்பு லோடும் வந்து நிற்கும். சரியாக அந்த நேரத்தில்தான் "அண்ணே, காலையில நல்லா தூக்குச்சு, பதினோரு மணிக்கு மேல கலப்பை ஏற மாட்டேங்குது, பின்னாடி கை வைக்க முடியல" என்று போன் வரும். பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சூடு என்பது நோய் இல்லை, நோயின் அறிகுறி. அழுத்தம் எங்கேயோ வீணாகப் போகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பம்ப் மாற்றினாலும் கூலர் மாட்டினாலும் காசுதான் போகும்.

வயலில் நிற்கிறேன், இப்போதே கொதிக்கிறது. என்ன செய்ய?

கலப்பையைத் தரையில் இறக்குங்கள். டிப்பராக இருந்தால் ஜாக்கியை (பெட்டியைத் தூக்குகிற சிலிண்டரை) முழுசாக இறக்கிவிடுங்கள். லீவரை நியூட்ரலில் வைத்து எஞ்சினைக் குறைந்த வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் அணைத்துவிட்டு நிழலில் ஆறவிடுங்கள். ஆனால் பம்ப் கத்துகிற சத்தம் கேட்டாலோ ஆயில் எங்காவது ஊற்றினாலோ உடனே அணைத்துவிட வேண்டும், ஓடவிடக் கூடாது. குடத்துத் தண்ணீரை எடுத்து ஹவுசிங் (பின்பக்க இரும்புக் கூடு) மேல் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விழும், விழாவிட்டாலும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும்போது பிரீதர் (உள்காற்று போய்வருகிற சின்ன ஓட்டை) வழியாக அந்தத் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். வடிகால் பிளக்கையும் சூட்டோடு கழற்றாதீர்கள், அந்த ஆயில் கையில் பட்டால் தோல் உரிந்துவிடும்.

எவ்வளவு சூடு இருந்தால் சாதாரணம், எவ்வளவு இருந்தால் ஆபத்து?

ஆயில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். நம் ஊர் வெயிலில், கனமான வேலையில், 70 வரை போவதைப் பார்த்து அலற வேண்டாம். 80-ஐத் தாண்டினால் நிறுத்தணும். 82 டிகிரிக்கு மேல் பெரும்பாலான ரப்பர் சீல்கள் இறுகிப்போக ஆரம்பிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு.

கையால் பார்க்கிறவர்களுக்கு: இரும்பின் மேல் உள்ளங்கையை நாலைந்து விநாடி கூட வைக்க முடியவில்லை என்றால் 60 தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் 65-ஆ 85-ஆ என்று கைக்குத் தெரியாது. அதனால் துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாலு விவசாயிகள் சேர்ந்துகூட ஒன்று வாங்கலாம். பளபளப்பான பைப், குரோம் ராடு மேல் நேரடியாகக் காட்டினால் அளவைக் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டேப்பின் மேல் பாருங்கள்.

இன்னொன்று, டேஷ்போர்டில் இருக்கிற டெம்பரேச்சர் மீட்டர் எஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். முள் நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே பின்னால் ஹைட்ராலிக் வெந்துகொண்டிருக்கலாம். பெரும்பாலான டிராக்டர்களில் அதற்குத் தனி மீட்டர் கிடையாது.

பாரம் தூக்கினால்தானே சூடாகணும், சும்மா நிற்கும்போதே ஏன் சூடாகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஆயில் சிலிண்டரைத் தள்ளி கலப்பையைத் தூக்கினால் எஞ்சின் கொடுத்த சக்தி வேலையாக மாறுகிறது. கலப்பை நகராமல் ஆயில் மட்டும் ஏதோ ஒரு சந்து வழியாக, அழுத்தத்தோடு, சம்புக்கு (ஆயில் தேங்கி நிற்கிற தொட்டிக்கு) திரும்பினால் அந்தச் சக்தி முழுக்க சூடாகத்தான் மாறும், வேறு போக்கிடம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 20 லிட்டர், 150 பார் அழுத்தம், இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 5 கிலோவாட் வரும். ஐந்து இஸ்திரிப் பெட்டியை ஒன்றாகப் போட்டு சம்புக்குள் விட்டது போல. பத்து நிமிஷம் அப்படி ஓடினால் எந்த ஆயில் தாங்கும்?

அந்தச் சந்து எது என்பதுதான் கேள்வி. ரிலீஃப் வால்வாக (அழுத்தம் அளவு மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பி விடுகிற வால்வு) இருக்கலாம், தேய்ந்த பம்பாக இருக்கலாம், கன்ட்ரோல் வால்வு, லிப்ட் சிலிண்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), பாதி மாட்டிய ஹோஸ் கப்ளிங், எதுவாகவும் இருக்கலாம். தெர்மாமீட்டரோடு ஒரு சுற்று வந்தால் சம்பை விட எந்த இடம் தனியாகச் சூடாக இருக்கிறதோ அங்கேதான் பெரும்பாலும் கோளாறு.

முதலில் எதைப் பார்க்கணும்?

ஆயில் அளவு. சிரிக்க வேண்டாம், பம்ப் மாற்றச் சொல்லி வருகிற வண்டிகளில் ஆயில் குறைவாக இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். வண்டி சமதளத்தில் நிற்கணும், லிப்ட் கீழே இருக்கணும், டிப்பர் மாட்டியிருந்தால் ஜாக்கி முழுக்க மூடியிருக்கணும். ஜாக்கி நீட்டியிருக்கும்போது ஆயில் அளவுக் கேஜ் பார்த்துவிட்டு "குறைகிறது" என்று ஊற்றினால், இறக்கும்போது அவ்வளவும் திரும்பி வந்து நிரம்பி வழியும். 100 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஜாக்கி கிட்டத்தட்ட 8 லிட்டர் ஆயிலை வாங்கிக்கொள்ளும். சின்ன சம்ப் உள்ள வண்டிக்கு அது பெரிய அளவு, டிப்பர் ஏறும்போது பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பிப்பதற்கு அது ஒன்றே போதும்.

அதிகமாக ஊற்றினாலும் சூடாகும். பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே சம்ப், ஆயில் கூடினால் பற்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரை சூட்டை வெளியே விடாது. கேஜில் மேல் கோடு என்றால் மேல் கோடுதான்.

ஸ்டிரைனரை எப்போது கழற்றிப் பார்க்கணும்? பில்டர்தான் மாற்றிவிட்டோமே?

வெளியே திருகி மாட்டுகிற பில்டரைச் சொல்கிறீர்கள். அது வேறு, பம்ப் ஆயில் உறிஞ்சுகிற வழியில் சம்புக்குள் உட்கார்ந்திருக்கிற கம்பி வலை ஸ்டிரைனர் வேறு. முதலாவதை எல்லோரும் மாற்றுகிறார்கள், இரண்டாவதை வருஷக் கணக்கில் யாரும் தொடுவதில்லை. சில மாடல்களில் இரண்டும் ஒன்றே, உங்கள் கையேட்டில் படம் போட்டிருக்கும்.

கழற்றி ஒரு வெள்ளைத் தட்டில் வையுங்கள். வலையின் மேல் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீரும் மண்ணும் சேர்ந்திருக்கிறது. பஞ்சு நூல் சுற்றியிருந்தால் யாரோ வேஸ்ட் துணியால் உள்ளே துடைத்திருக்கிறார்கள். சிவப்பு, நீல நிறத்தில் ரப்பர் துணுக்குகள் போல இருந்தால் அது முந்தைய வேலையில் மெக்கானிக் அள்ளிப் பூசின சீலன்ட், பிதுங்கி உள்ளே விழுந்து நேராக ஸ்டிரைனருக்கு வந்திருக்கிறது. காந்தத்தை வைத்துப் பாருங்கள், இரும்புத் தூள் லேசாக ஒட்டினால் பழைய வண்டிக்கு அது இயல்பு, ஊசி ஊசியாகவோ செதில் செதிலாகவோ வந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அதை முதலில் கவனிக்கணும். பித்தளை நிறத்தில் மினுக்கினால் புஷ்ஷோ பம்ப்போ தேய்கிறது.

அடைபட்ட ஸ்டிரைனர் சத்தத்திலேயே தெரியும். பம்ப் கீச்சென்று கத்தும், ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில் அந்தச் சத்தம் அதிகமாக இருக்கும். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு புது ஓ-ரிங்கோடு மாட்டுங்கள். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டுவிட்டு, சத்தம் போகவில்லையே என்று வருகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் காற்று உள்ளே போகிறது. வெளியே பம்ப் இருக்கிற மாடலில் இதைச் சோதிக்க எளிய வழி, உறிஞ்சும் பைப்பின் இணைப்பைச் சுற்றி கெட்டியாக கிரீஸ் பூசுங்கள், சத்தம் உடனே மாறினால் கோளாறு அங்கேதான். மாஸி பெர்குசன் 35 மாதிரி பம்ப் சம்புக்குள்ளேயே மூழ்கி இருக்கிற வண்டிகளில் இந்தச் சோதனைக்கு இடமில்லை.

ஆயில் மோர் மாதிரி இருக்கிறது. காற்றா, தண்ணீரா?

ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரமாக வைத்துவிடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்று. மறுநாள் காலையிலும் வெளுப்பாகவே இருந்தால் தண்ணீர். இன்னும் சந்தேகம் என்றால் பழைய இரும்புக் கரண்டியை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவும். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளித்த மாதிரி சடசடவென்று தெறிக்கும்.

நம் கரையில் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏனென்றால் கையேட்டில் இது இருக்காது. போர் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு, அதைத்தான் பிரஷர் பம்பில் அடித்து டிராக்டரைக் கழுவுகிறோம், அதுவும் சாயந்திரம் வேலை முடிந்து வண்டி கொதித்துக்கொண்டிருக்கும்போதே. சூட்டில் விரிந்திருந்த உள்காற்று தண்ணீர் பட்டதும் சுருங்குகிறது, பிரீதர், கியர் லீவர் ரப்பர், கேஜ் மூடி, எங்கே இளக்கமோ அங்கே உவர் நீரை இழுத்துக்கொள்கிறது. உப்பு சேர்ந்த தண்ணீர் வெறும் தண்ணீரை விட மோசம், பேரிங்கிலும் வால்வு ஸ்பூலிலும் (வால்வுக்குள் நகர்கிற தண்டு) துருப் புள்ளி விழவைக்கும், ஸ்பூல் சிக்கினால் வால்வு நியூட்ரலுக்கு வராது, வராவிட்டால் மறுபடியும் சூடு. உப்பளத்து வேலை செய்கிற வண்டிகளுக்கு இதில் கூடுதல் தொல்லை, பிரீதர் மேலேயே உப்புப் பொடி படிந்து ராத்திரி ஈரத்தை இழுத்துக் கட்டியாகி ஓட்டையை அடைத்துவிடும். அடைந்த பிரீதர் இருந்தால் சீல்கள் வழியாகத்தான் வண்டி மூச்சுவிடும்.

ஆகவே ஆறின பிறகு கழுவுங்கள், பிரீதர் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளுங்கள், கடைசியாக நாலு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பையை அவிழ்க்க மறக்கக் கூடாது. கண்மாய்ப் பாசன வயலில் சேற்றுழவு செய்கிறவர்கள் பின் ஆக்ஸில் சீலையும் பார்த்துக்கொள்ளணும், ஆக்ஸில் மூழ்குகிற அளவு தண்ணீரில் சூடான வண்டியை இறக்கினால் அதே உறிஞ்சல் அங்கேயும் நடக்கும்.

காலையில் ஜோராகத் தூக்குகிறது, சூடானதும் தூக்க மாட்டேங்குது. பம்ப் போச்சா?

போயிருக்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். ஆயில் சூடானால் இளகும், இளகினால் தேய்ந்த சந்துகள் வழியாக அதிகமாகக் கசியும், கசிவு மேலும் சூடாக்கும், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். கசிவு பம்பில் இருந்தாலும் சிலிண்டரில் இருந்தாலும் வெளியே இதே அறிகுறிதான்.

பிரித்துப் பார்க்க ஒரு சோதனை. வண்டி நன்றாகச் சூடான நிலையில் கனமான கலப்பையைத் தூக்கிவிட்டு எஞ்சினை அணையுங்கள். கலப்பையின் அடியில் யாரும் நிற்கக் கூடாது. தரையிலிருந்து உயரத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி அளவெடுங்கள். கண்ணெதிரே சரசரவென்று இறங்கினால் சிலிண்டர் ஓ-ரிங், பிஸ்டன் ரிங், அல்லது கன்ட்ரோல் வால்வு பக்கம் கசிவு. அப்படியே நிற்கிறது, ஆனால் எஞ்சின் ஓடும்போது தூக்கத்தான் திணறுகிறது என்றால் பம்ப், ரிலீஃப் வால்வு, உறிஞ்சும் வழி, இந்த மூன்றில் ஒன்று. அதற்கு மேல் ஊகம் வேண்டாம், பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது பார்க்கணும், காலைக் குளிரில் கேஜ் மாட்டினால் தேய்ந்த பம்பும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

கேஜ் இல்லாமல் "பம்ப் மாத்திப் பார்ப்போம்" என்று எவர் சொன்னாலும் வேறு பட்டறைக்குப் போங்கள். இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன், ஒரு போகத்து மிளகாய்க் காசை இப்படி இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கலப்பை மேலே நிற்கும்போது தலையாட்டுகிறது. இதுக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. உள்ளே கசிவதால் கலப்பை ஒரு விரற்கடை இறங்குகிறது, கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்துகிற பொசிஷன் கன்ட்ரோல் அதைக் கண்டு மறுபடி தூக்குகிறது, இறங்குகிறது, தூக்குகிறது. ஒவ்வொரு தடவையும் பம்ப் முழு அழுத்தத்துக்குப் போய் வருகிறது. கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தொண்டி வரை ரோட்டில் போனாலே ஆயில் சூடாகிவிடும். பெரும்பாலும் ஒரு ஓ-ரிங், ஒரு பேக்கப் வாஷரோடு முடிகிற வேலை, தள்ளிப்போட்டால்தான் சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

உழும்போது ஆடுவது வேறு விஷயம். டிராப்ட் கன்ட்ரோலில் (இழுவைக்கு ஏற்ப லிப்ட் தானே ஏறி இறங்குகிற அமைப்பில்) போட்டு, வெடித்துக் கிடக்கிற கரிசலில் ஓட்டினால் இழுவை கூடிக் குறைவதற்கு ஏற்ப லிப்ட் ஏறி இறங்கத்தான் செய்யும். அது ரொம்பத் துடித்தால் டிராப்ட் லீவரை இன்னும் ஆழமான பக்கம் நகர்த்திப் பாருங்கள், டாப் லிங்க் (கலப்பையை மேல்பக்கம் பிடிக்கிற கம்பி) பின் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.

லிப்ட் உச்சிக்குப் போன பிறகும் கிர்ர் என்று சத்தம் வருகிறதே?

அது ரிலீஃப் வால்வு திறந்திருக்கிற சத்தம். உச்சிக்குப் போனதும் உள்ளிருக்கிற லிங்கேஜ் வால்வை நியூட்ரலுக்குத் தள்ளணும், அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருந்தால் தள்ளாது, பம்ப் முழு அழுத்தத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன 5 கிலோவாட் கணக்கு இதுதான். லிப்ட் கவரைத் திறந்து யாரோ வேலை பார்த்த பிறகு வந்த சத்தம் என்றால் சந்தேகமே வேண்டாம். சரி செய்கிற வரைக்கும் லீவரை உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே, சத்தம் நிற்கிற இடத்தில் வைத்து ஓட்டுங்கள். லீவர் அங்கே நிற்பதற்கு ஒரு ஸ்டாப்பர் நட்டு இருக்கும், அதை அந்த இடத்தில் முறுக்கிவிடலாம்.

சீமைக்கருவேலம் தூரைப் பிடுங்கும்போது மட்டும் கொதிக்கிறது

கொதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். லோடரையோ சங்கிலி கட்டிய லிப்டையோ போட்டு இழுக்கும்போது தூர் அசையாது, டிரைவர் லீவரை விடமாட்டார், ரிலீஃப் வால்வு அலறிக்கொண்டே இருக்கும். அந்த மரத்தின் வேர் போகிற ஆழத்துக்கு லிப்டின் பலம் போதவே போதாது. சுற்றிலும் பள்ளம் பறித்து, பக்கவேர்களை வெட்டிவிட்டு, அப்புறம் இழுங்கள். லீவரைப் பிடித்து அசையவில்லை என்றால் இரண்டு, மூன்று விநாடியில் விட்டுவிடணும், வேறு கோணத்தில் போகணும். பெரிய தூருக்கு ஜேசிபி கூப்பிடுவதுதான் மலிவு. இன்னொரு எச்சரிக்கை, அசையாத தூரை மேல் லிங்கில் கட்டி இழுத்தால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும். இழுப்பதென்றால் பின்னால் தாழ்வாக இருக்கிற டிராபார் இழுவைக் கம்பியில் மட்டும்.

"ரிலீஃப் வால்வை இறுக்கிவிட்டால் தூக்கும்" என்கிறார்கள், செய்யலாமா?

வேண்டாம். தூக்கவும் செய்யும், அதுதான் ஆபத்து. ஹோஸ் வெடிக்கும், பம்ப் பாடி விரியும், லிப்ட் கவர் போல்ட்டு இழுத்துக்கொண்டு வரும். கையேட்டில் உள்ள அழுத்தத்துக்குக் கேஜ் வைத்து அமைக்கிற வேலை அது, கைக்கணக்கில் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று திருகுகிற வேலை இல்லை. வால்வின் ஸ்பிரிங் உடைந்தோ, சீட்டில் தூசி சிக்கியோ குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொண்டால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், மாற்றலாம்.

உப்பு லோடு, மண் லோடு அடிக்கும்போது சூடாகிறது. டிப்பர் பக்கம் என்ன பார்ப்பது?

முதலில் கப்ளிங். ஹோஸை டிராக்டரில் செருகும் அந்த விரைவு கப்ளிங் முழுசாக உட்காராமல் இருந்தால் உள்ளே குண்டு பாதிதான் திறக்கும், ஆயில் அந்த இடுக்கில் நசுங்கிப் போகும். மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும், கப்ளிங் மட்டும் தனியாகச் சுடும். வாலிநோக்கம் பக்கம் உப்பு அள்ளுகிற வண்டிகளில் கப்ளிங்குக்குள் உப்பும் துருவும் இறுகி இதை உண்டாக்கிவிடுகிறது. மூடி போட்டு வையுங்கள், செருகும் முன் துடையுங்கள், மாட்டிய பிறகு ஒரு தடவை பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது டிரெய்லரை மாற்றி மாற்றி மாட்டுவது. சீசனில் மாமன் டிரெய்லர், மச்சான் டிரெய்லர் என்று எது கிடைக்கிறதோ அதை மாட்டி ஓட்டுகிறோம். அந்த ஜாக்கிக்குள் இருக்கிற ஆயில் எத்தனை வருஷப் பழசு, எந்த வகை, யாருக்கும் தெரியாது. ஒரு தடவை தூக்கி இறக்கினாலே அதில் பெரும்பகுதி உங்கள் சம்புக்கு வந்துவிடும். நேற்று ஊற்றிய புது ஆயில் இன்று கறுத்துப் போனதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் பல பேர் நம்புவதில்லை. முடிந்தால் உங்களுக்கென்று ஒரே டிரெய்லர், முடியாவிட்டால் மாட்டும் முன் அந்த ஜாக்கியின் ஆயிலை ஒரு வாளியில் இறக்கிப் பாருங்கள்.

அப்புறம், கொட்டி முடிந்ததும் லீவரை விடுங்கள். ஜாக்கி முழுக்க நீண்டு முட்டிய பிறகும், ஒட்டியிருக்கிற ஈர உப்பு உதிரட்டும் என்று லீவரைப் பிடித்துக்கொண்டே இருப்பது ரிலீஃப் வால்வை அலறவிடுகிற வேலைதான். மண்வெட்டியால் தட்டிவிடுங்கள், பெட்டியின் அடியில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று.

ராத்திரி நிறுத்தும்போது ஜாக்கி மூடியே இருக்கணும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ராடில் உப்புக்காற்று பட்டுக் குழி விழும், அந்தக் குழி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் சீலை அரம் போல ராவும்.

ரோட்டவேட்டர் ஓட்டும்போது மட்டும் பின்னால் கொதிக்கிறது

அது ஹைட்ராலிக் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். ரோட்டவேட்டர் ஓடும்போது லிப்டுக்குப் பெரிய வேலை கிடையாது, டிராப்டில் போட்டிருந்தால் பொசிஷனுக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் இரண்டு பக்கத்து ஆக்ஸில் ஹவுசிங்கையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் அந்தச் சூடு முழுக்கப் பொதுச் சம்புக்குத்தான் வரும். ஹேண்ட் பிரேக் பாதியில் நிற்கிறதா, பெடலுக்கு விளையாட்டு (கொஞ்சம் இளக்கம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் லிப்ட் கவரைத் தொடுங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? 90 நம்பர் ஊற்றலாமா, எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

கியர், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் மூன்றும் ஒரே சம்பில் இருந்தால் மூன்றுக்கும் சேர்த்துச் செய்த யூ.டி.டி.ஓ. வகை ஆயில்தான், அதிலும் கையேட்டில் சொல்லியிருக்கிற தரம். 90 நம்பர் கியர் ஆயில் கெட்டி, பம்ப் உறிஞ்சத் திணறும். வெறும் 68 ஹைட்ராலிக் ஆயிலில் பிரேக்குக்குத் தேவையான சேர்மானம் கிடையாது, பிரேக் அலறும். தனிச் சம்ப் உள்ள வண்டிகளுக்குக் கணக்கு வேறு, கையேட்டைப் பாருங்கள். விலை குறைவு என்று லேபிள் இல்லாத பேரல் ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆயில் கூலர் மாட்டினால் தீருமா?

நாள் முழுக்க லோடர் வேலைதான் என்றால் மாட்டலாம், நல்லது. உழவுக்கும் டிப்பருக்கும் மட்டும் ஓடுகிற வண்டி கொதிக்கிறது என்றால் கூலர் கோளாறை மறைக்கும், கசிவு வளர்ந்துகொண்டே போகும். மாட்டியே ஆகணும் என்றால் அழுத்தக் குழாயில் மாட்டாமல் திரும்பி வரும் குழாயில் மாட்டுங்கள். ஏற்கெனவே கூலர் இருக்கிற வண்டி என்றால் அதன் அலுமினியத் தகடுகளைப் பாருங்கள், கரையோரத்தில் அவை வெள்ளையாகப் பூத்து உதிரும், நடுவில் புழுதியும் வைக்கோல் தூசியும் அப்பியிருக்கும். நல்ல தண்ணீரில், குறைந்த வேகத்தில், காற்று வருகிற திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து கழுவணும், பிரஷர் பம்ப் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலிகூட முதலில் அவ்வளவு இருக்காது, சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் விரலை, சில நேரம் கையையே எடுக்க வேண்டியதாகிவிடும். அட்டையை நீட்டிப் பாருங்கள், ஆயில் அட்டையில் தெறிக்கும். அப்படி யாருக்காவது நடந்துவிட்டால் அந்த நிமிஷமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குக் கூட்டிப் போய், "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காயம் என்று நினைத்துவிடக் கூடும்.

ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டது. ஆயிலை மாற்றணுமா?

முகர்ந்து பாருங்கள், தீய்ந்த வாசனை அடித்தால் மாற்றணும். நிறம் சந்தேகமாக இருந்தால் புது ஆயில் ஒரு பாட்டில், இது ஒரு பாட்டில், இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் கலந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். கோளாறைச் சரிசெய்த பிறகு மாற்றுங்கள், அதற்கு முன் மாற்றினால் புது ஆயிலும் வெந்துபோகும்.

வண்டி இளஞ்சூட்டில் இருக்கும்போது எல்லா வடிகால் பிளக்குகளையும் திறந்து வடியவிடுங்கள், சில வண்டிகளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும், ஒன்றை மட்டும் திறந்தால் அழுக்கு ஆயில் மூலையில் தங்கிவிடும். ஸ்டிரைனர், பில்டர் இரண்டையும் அதே நேரத்தில் பாருங்கள். புது ஆயில் ஊற்றி, பாரமில்லாமல் லிப்டை நிதானமாகப் பல தடவை ஏற்றி இறக்கி, காற்று வெளியேறியதும் கேஜை மறுபடி பார்த்து நிரப்புங்கள். வடித்த பழைய ஆயிலை ஊரணிக் கரையிலோ கண்மாய் ஓரத்திலோ கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் ஆடு மாடும் நாமும் நம்பியிருக்கிறோம். மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்தால் பழைய ஆயில் எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுக்கலாம், காசும் கொடுப்பார்கள்.